தூத்துக்குடி துறைமுகத்து எஃகு டிரம்முக்குப் பின்னால் ஒரு பெண் பத்திரிகையாளர்: யார் இந்த நெல்லி பிளை?

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, நீல நிற டிரம்களை அடுக்கிக்கொண்டு ஒரு வண்டியாவது உங்களைக் கடந்து போகும். எண்ணெய், பெயின்ட், கரைப்பான், ரசாயனம் என்று உள்ளே எது வேண்டுமானாலும் இருக்கலாம். நாம் அதைத் திரும்பிக்கூட பார்ப்பதில்லை. ஒழுகாத வரைக்கும் டிரம்மைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை.

ஒழுகினால்தான் கதை மாறும். 2025 மே மாதம் கொச்சி அருகே மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலில் 640 கண்டெய்னர்கள் இருந்தன. அவற்றில் 12-ல் இருந்தது கால்சியம் கார்பைடு. தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் என்ற தீப்பற்றும் வாயுவைக் கக்கும் பொருள் அது. கப்பல் மூழ்கியதும் கேரளக் கரை முழுக்க எச்சரிக்கை போனது. கப்பலிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் நம் கன்னியாகுமரி கரை வரை வந்து ஒதுங்கின. கால்சியம் கார்பைடை வழக்கமாகக் காற்றுப் புகாத எஃகு டிரம்களில்தான் அடைப்பார்கள். அந்த மூடி தாங்குமா, தாங்காதா என்பதுதான் அன்றைக்கு எல்லோருக்கும் இருந்த பயம்.

சரி, இந்த எஃகு டிரம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்து, வியாபாரிகளை நம்ப வைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு இன்ஜினீயர் இல்லை. ஒரு பெண் பத்திரிகையாளர். 72 நாட்களில் உலகைச் சுற்றிவந்த, வழியில் நம் எதிர்க்கரையான கொழும்பில் ஐந்து நாள் மாட்டிக்கொண்ட நெல்லி பிளை.

யார் இந்த நெல்லி பிளை?

இயற்பெயர் எலிசபெத் ஜேன் காக்ரன். பிறந்தது 1864 மே 5, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில். அப்பா மைக்கேல் காக்ரன் மில் முதலாளி, ஊரில் நீதிபதி என்று மரியாதையோடு அழைக்கப்பட்டவர். ஊருக்கே காக்ரன்ஸ் மில்ஸ் என்று அவர் பெயர்தான்.

எலிசபெத்துக்கு ஆறு வயதாகும்போது அப்பா இறந்துபோனார். உயில் எழுதி வைக்கவில்லை. முதல் மனைவியின் பிள்ளைகள், இரண்டாவது மனைவியின் பிள்ளைகள் என்று பெரிய குடும்பம். சொத்து பிரிந்தது, வசதியும் போனது. அம்மா மறுமணம் செய்துகொண்டார். வந்தவர் குடிகாரர், அடிக்கிறவர். விவாகரத்து வழக்கில் அம்மாவுக்கு ஆதரவாக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னபோது எலிசபெத் இன்னும் பள்ளி வயதுப் பெண்.

ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தார். ஃபீஸ் கட்டப் பணமில்லாமல் பாதியிலேயே நின்றது. குடும்பம் பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் போனது. 1885-ல் அங்கே ஒரு நாளிதழில் பெண்களுக்கு வீட்டு வேலைதான் லாயக்கு என்ற தொனியில் ஒரு பத்தி வந்தது. வேலைக்குப் போனால்தான் சோறு என்ற நிலையில் இருந்த எலிசபெத்துக்குக் கோபம் வந்தது. பெயர் போடாமல் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தில் இலக்கணப் பிழைகள் இருந்தாலும் விஷயம் இருந்தது. எழுதியது யார் என்று விளம்பரம் கொடுத்துத் தேடி, கூப்பிட்டு வேலை கொடுத்தார் ஆசிரியர். அப்போது பெண்கள் சொந்தப் பெயரில் எழுதுவது வழக்கமில்லை என்பதால், பிரபலமான பாட்டு ஒன்றிலிருந்து எடுத்து வைத்த பெயர்தான் நெல்லி பிளை.

மனநலக் காப்பகத்துக்குள் 10 நாட்கள்

ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி எழுதினார். முதலாளிகள் முகம் சுளித்ததும் அவரை ஃபேஷன், தோட்டம் என்று மாற்றிவிட்டார்கள். அது பிடிக்காமல் மெக்சிகோ போய் அங்கிருந்து எழுதினார். அங்கேயும் அரசை விமர்சித்ததால் கைதாகும் நிலை வந்து திரும்பினார்.

1887-ல் நியூயார்க். ஜோசப் புலிட்சரின் நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலையே விபரீதமானது. பிளாக்வெல்ஸ் தீவில் இருந்த பெண்கள் மனநலக் காப்பகத்துக்குள் நோயாளியாகப் போய், உள்ளே நடப்பதை எழுத வேண்டும். ஒரு விடுதியில் தங்கி, மனநிலை சரியில்லாதவர்போல நடித்தார். போலீஸ், நீதிபதி, டாக்டர்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். உள்ளே போனதும் நடிப்பதை நிறுத்திவிட்டு சாதாரணமாகத்தான் நடந்துகொண்டார். அப்போதும் யாரும் அவரை வெளியே விடத் தயாராக இல்லை.

கெட்டுப்போன சாப்பாடு, உறையவைக்கும் பச்சைத் தண்ணீர்க் குளியல், அடி உதை. ஆங்கிலம் பேசத் தெரியாது என்பதைத் தவிர வேறு குறையே இல்லாத பெண்களும் உள்ளே அடைபட்டுக் கிடந்தார்கள். பத்து நாள் கழித்து நாளிதழின் வக்கீல் வந்து அவரை மீட்டார். கட்டுரைகள் வெளியானதும் விசாரணைக் குழு அமைந்தது. காப்பகங்களுக்கான நிதி உயர்ந்தது. இன்று புலனாய்வு இதழியல் வகுப்பில் முதல் பாடமாகச் சொல்லப்படுவது இந்தக் கட்டுரைகளைத்தான். அப்போது அவருக்கு வயது 23.

கொழும்பில் ஐந்து நாள்

ஜூல் வெர்னின் நாவலில் ஃபிலியஸ் ஃபாக் என்ற கற்பனை மனிதர் 80 நாளில் உலகைச் சுற்றுவார். நிஜத்தில் அதைவிட வேகமாகச் சுற்ற முடியுமா? முடியும் என்றார் நெல்லி பிளை. ஆண் நிருபரை அனுப்பலாமா என்று அலுவலகத்தில் யோசித்தபோது, அப்படி அனுப்பினால் வேறு நாளிதழுக்காகக் கிளம்பி அவரைத் தோற்கடிப்பேன் என்று மிரட்டித்தான் வாய்ப்பை வாங்கினார்.

1889 நவம்பர் 14-ம் தேதி காலை கப்பல் ஏறினார். போட்டிருந்த ஒரே உடை, ஒரு கோட், கையில் சின்னதாக ஒரு பை. அவ்வளவுதான் லக்கேஜ். பிரான்ஸில் ஜூல் வெர்னை அவரது வீட்டிலேயே பார்த்துவிட்டு, இத்தாலி, சூயஸ், ஏடன் வழியாக டிசம்பரில் கொழும்பு வந்தார்.

இங்கேதான் நம் கடல் கதைக்குள் வருகிறது. சீனப் பக்கம் போகும் கப்பல் கொழும்பில் தயாராக நின்றது. ஆனா இன்னொரு கப்பல் வந்து சேரும் வரை அது கிளம்பாது. துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலில் தங்கி, கண்டி வரை ரயிலில் போய் வந்து, ஐந்து நாள் பொறுமையிழந்து காத்திருந்தார். அந்த ஹோட்டல் இன்னமும் அங்கே இருக்கிறது.

அப்போது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. 1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்த பிறகு, சென்னையிலிருந்து ரயிலில் வந்து, தூத்துக்குடியில் கப்பல் ஏறினால் ஓர் இரவில் கொழும்பு. நெல்லி பிளை இந்தப் பக்கம் வரவில்லை. ஆனா அவர் காத்திருந்த துறைமுகமும், தூத்துக்குடிக்காரர்கள் வியாபாரத்துக்குப் போய்வந்த துறைமுகமும் ஒன்றுதான். நடுவில் இருப்பது ஒரு காலத்தில் முத்துக்குளித்த மன்னார் வளைகுடா.

பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், ஜப்பான் வழியாக சான் பிரான்சிஸ்கோ. சிங்கப்பூரில் ஒரு குரங்கை வேறு வாங்கிக்கொண்டார். கடைசிக் கட்டத்துக்குப் புலிட்சர் தனி ரயிலே ஏற்பாடு செய்தார். 1890 ஜனவரி 25-ம் தேதி பயணம் முடிந்தபோது கணக்கு: 72 நாள், 6 மணி நேரம், 11 நிமிடம், 14 விநாடி. அதே நாளில் எதிர்த்திசையில் போட்டிக்குக் கிளம்பிய எலிசபெத் பிஸ்லாண்ட் என்ற இன்னொரு பெண் பத்திரிகையாளர் நான்கு நாள் தாமதமாக வந்து சேர்ந்தார்.

பத்திரிகையாளர் எப்படி ஃபாக்டரி முதலாளி ஆனார்?

1895-ல் நெல்லி பிளை கல்யாணம் செய்துகொண்டார். மணமகன் ராபர்ட் சீமன், கோடீஸ்வரர். வயது சுமார் 70. நெல்லிக்கு 30. ஊரே பேசியது. சீமனுக்கு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் அயர்ன் கிளாட் மேனுஃபேக்சரிங் கம்பெனி என்ற தொழிற்சாலை இருந்தது. பால் கேன், பாய்லர், எனாமல் பாத்திரம் இதெல்லாம் செய்யும் ஆலை.

நெல்லி சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு மெஷினிலும் என்ன நடக்கிறது என்று கற்றுக்கொண்டார். 1902-ல் பால் கேன் ஒன்றுக்கும், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கக்கூடிய குப்பைத் தொட்டிக்கும் அவர் பெயரிலேயே காப்புரிமை வந்தது. 1904-ல் கணவர் இறந்ததும் முழுப் பொறுப்பும் அவருடையது.

நிருபராக இருந்தபோது ஆலைப் பெண்களின் நிலையை எழுதியவர், முதலாளியானதும் அதை மறக்கவில்லை. தொழிலாளர்களுக்கு நூலகம், உடற்பயிற்சிக் கூடம், பொழுதுபோக்குக் கூடம், மருத்துவ வசதி எல்லாம் செய்து கொடுத்தார். அந்தக் காலத்து அமெரிக்க ஆலைகளில் இது ரொம்ப அபூர்வம்.

மரப் பீப்பாயில் என்னதான் பிரச்சினை?

அதுவரை திரவம் என்றாலே மரப் பீப்பாய்தான். எண்ணெய், ஒயின், கிளிசரின் எல்லாம் அதில்தான் போகும். பலகைகளை வளைத்து, இரும்புப் பட்டை மாட்டி இறுக்குவார்கள். உள்ளே ஈரம் இருக்கும் வரை பலகை ஊதி, இடைவெளி அடைபடும். வெயிலில் காய்ந்தால் பலகை சுருங்கும், ஒழுக ஆரம்பிக்கும். கிளம்பும்போது நிறைவாக இருந்த பீப்பாய், போய்ச் சேரும்போது குறைவாக இருக்கும். பெட்ரோலியப் பொருட்கள் வந்த பிறகு ஒழுகல் என்பது வெறும் நஷ்டமாக இல்லாமல் தீ விபத்தாகவும் மாறியது.

மரத்துக்குப் பதில் உலோகம் என்ற யோசனை பலருக்கும் இருந்தது. ஐரோப்பாவில் கிளிசரினை உலோகக் கலனில் அனுப்புவதை ஒரு பயணத்தின்போது நெல்லி பார்த்தார். அதை அமெரிக்காவில் தன் ஆலையிலேயே செய்வது என்று முடிவு செய்தார்.

மூன்று தடவை தோற்ற டிரம்

யோசனை சுலபம். தகட்டை உருளையாகச் சுருட்டி, மேலும் கீழும் வட்டத் தகடு வைத்து மூட வேண்டும். பிரச்சினை முழுக்க அந்த மூட்டில்தான் இருந்தது.

முதலில் செய்தவை ஒழுகின. அடுத்து மூட்டுகளை ஈயம் வைத்துப் பற்றவைத்தார்கள். பற்று விட்டுப்போனது. ஈயப் பற்று மென்மையானது. நிறைந்த பீப்பாய் உருண்டு விழும் அதிர்ச்சியை அது தாங்காது. மூன்றாவதாக, பித்தளை மாதிரி உருக்கு உலோகம் விட்டுப் பற்றவைக்கும் பிரேசிங் முறைக்குப் போனார்கள். இந்தத் தடவை ஒழுகவில்லை. ஆனா அந்த உலோகம் பட்டு உள்ளே இருந்த சரக்கே கெட்டுப்போனது.

இந்த மூன்று தோல்விகளிலும் இன்றைக்கும் பொருந்தும் ஒரு பாடம் இருக்கிறது. அடைப்பு என்றால் ஒழுகக் கூடாது என்பது முதல் நிபந்தனை. தூக்கும்போதும் உருட்டும்போதும் விடக் கூடாது என்பது இரண்டாவது. உள்ளே இருக்கும் பொருளோடு அடைப்புப் பொருள் வினைபுரியக் கூடாது என்பது மூன்றாவது. இன்று ஒரு டிரம்முக்கு என்ன கேஸ்கெட் போடுவது என்று முடிவு செய்யும்போதும் இதே மூன்று கேள்விகள்தான்.

கடைசியில் வடிவம் சரியாக வந்தது. கசியாத மூட்டு, உருட்டுவதற்கும் உறுதிக்கும் சுற்றிலும் வளையங்கள். 1905 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டுதான் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். கடல் வணிகத்தில் அது அப்படியொரு காலம்.

அப்போ, டிரம்மைக் கண்டுபிடித்தது நெல்லி பிளையா?

சமூக வலைதளங்களில் எஃகு டிரம்மைக் கண்டுபிடித்த பெண் என்று அவர் படத்தோடு பதிவுகள் சுற்றுகின்றன. அது முழு உண்மை இல்லை. காப்புரிமை ஆவணத்தில் கண்டுபிடித்தவர் என்று இருக்கும் பெயர் ஹென்றி வேர்ஹான். நெல்லியின் ஆலையில் வேலை பார்த்தவர். உரிமையை அவர் நெல்லிக்கு எழுதிக் கொடுத்தார்.

ஆனா நெல்லிக்குப் பங்கே இல்லை என்று சொல்வதும் தப்பு. யோசனையைக் கொண்டுவந்தது, தோல்விகளுக்குப் பணம் போட்டது, விடாமல் செய்ய வைத்தது, பெரிய அளவில் உற்பத்தி செய்து விற்றது எல்லாம் அவர்தான். அந்த வடிவம் பின்னாளில் பலரது கையில் மாறி, 55 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 200 லிட்டர் டிரம்மாக நிலைத்தது. இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் அனுப்ப லட்சக்கணக்கில் பயன்பட்டது. கரீபியத் தீவான டிரினிடாடில் காலி எண்ணெய் டிரம்களைத் தட்டித்தட்டி ஸ்டீல்பேன் என்ற இசைக்கருவியையே உருவாக்கிவிட்டார்கள்.

ஒழுகல் டிரம்மில் இல்லை, கணக்கில்

வெளியே இருந்து பார்த்தால் நெல்லி அமெரிக்காவின் முன்னணிப் பெண் தொழிலதிபர். உள்ளே வேறு கதை. தயாரிப்பை உன்னிப்பாகக் கவனித்தவர், கணக்கை நம்பிக்கையானவர்களிடம் விட்டுவிட்டார். போலிக் கையெழுத்துக் காசோலைகள் மூலம் சொந்த ஊழியர்களே பெரும் தொகையைச் சுருட்டியது தெரிய வந்தபோது காலம் கடந்திருந்தது.

1911-ல் அயர்ன் கிளாட் திவாலானது. கடன்காரர்களோடு வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. டிரம் தயாரிப்புக்கு என்று தொடங்கிய தனி கம்பெனியைக் காப்பாற்றப் போராடினார். 1914 ஆகஸ்டில் நண்பர் ஒருவரிடம் பண உதவி கேட்பதற்காக ஆஸ்திரியாவுக்குக் கிளம்பினார். அவர் போய்ச் சேர்ந்த நேரம், முதல் உலகப் போர் வெடித்தது.

வேறு யாராவது என்றால் திரும்பியிருப்பார்கள். அவர் பழைய தொழிலைக் கையில் எடுத்தார். 50 வயதில் கிழக்குப் போர்முனைக்குப் போய், பதுங்குகுழிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் நியூயார்க் ஈவினிங் ஜர்னலுக்குச் செய்தி அனுப்பினார். இடையில் பிரிட்டிஷ் உளவாளி என்று சந்தேகப்பட்டு அவரைப் பிடித்து வைத்தார்கள். யார் என்று தெரிந்ததும் விட்டார்கள்.

1919-ல் ஊர் திரும்பியபோது கம்பெனி கையை விட்டுப் போயிருந்தது. குடும்பத்துக்குள்ளேயே வழக்கு. மறுபடியும் சம்பளத்துக்குப் பத்தி எழுதினார். ஆதரவற்ற குழந்தைகளுக்கு அந்தப் பத்தி வழியாகவே வீடு தேடிக் கொடுத்தார். 1922 ஜனவரி 27-ம் தேதி நிமோனியாவால் நியூயார்க்கில் இறந்தார். வயது 57.

இன்றைய டிரம்மை எப்படி மூட வேண்டும்?

நெல்லியின் காலத்தில் மூட்டுதான் பலவீனம். இன்று வெல்டிங்கும், தகட்டின் விளிம்புகளைச் சேர்த்து மடிக்கும் மெஷின்களும் அந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டன. இப்போது கவனிக்க வேண்டியது மனிதக் கை கடைசியாகத் தொடும் இடம், அதாவது மூடி.

டிரம்மில் இரண்டு வகை. மேல்தகடு நிரந்தரமாக மூடியிருப்பது 1ஏ1. அதில் 2 அங்குலம், முக்கால் அங்குலம் என இரண்டு திருகு மூடிகள் இருக்கும். மேல்மூடி முழுதாகக் கழன்று வருவது 1ஏ2. அதைச் சுற்றி ஒரு வளையம் மாட்டி, போல்ட்டோ நெம்புகோலோ வைத்து இறுக்குவார்கள். ஐ.நா. பரிந்துரைத்த இந்தக் குறியீட்டைத்தான் ஆபத்தான சரக்குகளுக்கான சர்வதேசக் கடல் விதிகளும் பின்பற்றுகின்றன.

டிரம்மின் மேல் பொறித்திருக்கும் எழுத்துகளை வாசிக்கக் கற்றுக்கொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். எக்ஸ் என்றால் அதிக ஆபத்துள்ள பொருளுக்கும் தாங்கும். ஒய் நடுத்தரம். இசட் குறைந்த ஆபத்துள்ளவற்றுக்கு மட்டும். இந்தத் தகுதியைப் பெற நிரப்பிய டிரம்மை உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பார்கள். நீரின் அடர்த்தியை ஒட்டிய திரவங்களுக்கு எக்ஸ் வகை 1.8 மீட்டர், ஒய் 1.2 மீட்டர், இசட் 0.8 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தும் கசியக் கூடாது. திரவ டிரம்களுக்குக் காற்றழுத்தச் சோதனையும் உண்டு. எக்ஸ் வகைக்கு 30 கிலோ பாஸ்கல், மற்றவற்றுக்கு 20. இந்தியாவில் இந்தச் சோதனைகளைச் செய்து சான்றிதழ் தருவது இந்திய பேக்கேஜிங் நிறுவனம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்தச் சான்றிதழ், சோதனையின்போது எப்படி மூடினார்களோ அப்படியே மூடினால்தான் செல்லும். தயாரிப்பாளர் டிரம்மோடு மூடும் முறையை எழுதிக் கொடுப்பார். எந்த கேஸ்கெட், எவ்வளவு முறுக்கு விசை என்று அதில் இருக்கும். கையால் இறுக்கிவிட்டு விட்டுவிடுவது, கண்டெடுத்த வாஷரைப் போடுவது இதெல்லாம் செய்தால் எக்ஸ் டிரம்கூட சாதாரணத் தகர டப்பாதான்.

திருகு மூடி டிரம்மில் முதலில் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். வெடிப்போ நசுங்கலோ இருந்தால் மாற்ற வேண்டும். மூடியைக் கையால் நேராக மரை பிடிக்க வைத்து, பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். குறைவாக இறுக்கினால் கசியும். அதிகமாக இறுக்கினால் கேஸ்கெட் நசுங்கி வெளியே வரும், அப்போதும் கசியும். மூடியின் மேல் மாட்டும் தகர சீல், யாரும் திறக்கவில்லை என்பதற்கு அடையாளம் மட்டுமே. அது கசிவைத் தடுக்காது.

வளைய மூடி டிரம்மில் மூடி சமமாக உட்கார வேண்டும். வளையம் மேல் விளிம்பையும் மூடியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். போல்ட்டை இறுக்கிக்கொண்டே, வளையத்தைச் சுற்றிலும் ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும். தட்டினால்தான் வளையம் எல்லாப் பக்கமும் சமமாக இறங்கும். தட்டிய பிறகு போல்ட் தளர்ந்திருக்கும்; மறுபடி இறுக்கி, பூட்டு நட்டையும் போட வேண்டும். தீப்பற்றும் பொருள் என்றால் தீப்பொறி வராத கருவிகள்தான்.

அடுத்தது, முழுக்க நிரப்பக் கூடாது. திரவம் சூட்டில் விரியும். 55 டிகிரி செல்சியஸிலும் டிரம்முக்குள் இடம் மிச்சமிருக்க வேண்டும் என்பது விதி. தூத்துக்குடி வெயிலில் நாள் முழுக்க யார்டில் கிடக்கும் கண்டெய்னருக்குள் வெப்பம் வெளியே இருப்பதைவிட அதிகம். அந்தக் காலி இடம் இல்லாவிட்டால் அழுத்தம் மூடியைத்தான் தேடி வரும்.

இரவில் இதற்கு நேர்மாறு. டிரம் குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து வெளிக்காற்றை இழுக்கும். மூடியைச் சுற்றி மழைத் தண்ணீர் தேங்கி நின்றால், தளர்ந்த மூடி வழியாக அந்தத் தண்ணீரும் உள்ளே போகும். எண்ணெய் டிரம்மை வெளியில் வைப்பவர்கள் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி நிலையில் இருக்கும்படி வைப்பது இதனால்தான். உள்ளே இருக்கும் எண்ணெயே மூடிக்குப் பின்னால் நின்று காற்றையும் நீரையும் தடுத்துவிடும்.

மன்னார் வளைகுடாவுக்கு இது ஏன் முக்கியம்?

ஒரு கசிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற புதுக் கப்பல் கொழும்பை நோக்கி வந்தது. பெயரிலேயே முத்து. அதிலிருந்த 25 டன் நைட்ரிக் அமிலத்தில் ஒரு கண்டெய்னர் வழியிலேயே கசிந்தது. நைட்ரிக் அமிலம் சாதாரண எஃகு டிரம்மில் அடைக்கிற சரக்கு இல்லை. ஆனா அடைப்பு விட்டால் என்ன ஆகும் என்ற பாடம் ஒன்றுதான். கத்தாரின் ஹமாத் துறைமுகமும், குஜராத்தின் ஹசீரா துறைமுகமும் அந்தக் கண்டெய்னரை இறக்கிக்கொள்ளவில்லை. கொழும்புக்கு வெளியே தீப்பிடித்தது. அமிலக் கசிவே காரணம் என்று கருதப்படுகிறது. நாள்கணக்கில் எரிந்து ஜூன் மாதம் கப்பல் மூழ்கியது. டன் கணக்கில் பிளாஸ்டிக் குருணைகள் கரை ஒதுங்கின. இலங்கை மீனவர்கள் மாதக்கணக்கில் கடலுக்குப் போக முடியவில்லை.

நெல்லி பிளை காத்திருந்த அதே கொழும்புதான் அது. இந்தப் பக்கம் தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை 21 தீவுகளும் பவளப்பாறைகளும் கொண்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா. பழங்காலத்திலிருந்து முத்துக்குளித்த கடல். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சிப்பிப் படுகைகள் ஒரு தடவை போனால் எவ்வளவு மெதுவாகத் திரும்பும் என்று இந்தக் கரைக்கு நன்றாகவே தெரியும். சங்குக் குளிப்பவர்கள் இன்னமும் அந்தத் தண்ணீரில்தான் இறங்குகிறார்கள்.

கசிந்த சரக்கைக் கடலில் தேடி எடுக்க கோடிகள் ஆகும். கேஸ்கெட்டின் விலை சில ரூபாய். டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

கல்லறையில் பெயர்

நியூயார்க்கின் உட்லான் கல்லறைத் தோட்டத்தில் நெல்லி பிளையை அடக்கம் செய்தார்கள். கல்லறைக் கல் வைக்கக்கூட யாரும் இல்லை. 56 ஆண்டுகள் கழித்து, 1978-ல்தான் நியூயார்க் பிரஸ் கிளப் அங்கே ஒரு கல் வைத்தது. அதுவும் பத்திரிகையாளர் என்பதற்காக. டிரம்முக்காக இல்லை.

இன்று சான்றிதழ் பெற்ற ஒவ்வொரு டிரம்மிலும் யார் செய்தது, எந்த ஆண்டு, எந்த நாடு என்று அழியாமல் பொறிக்க வேண்டும் என்பது சட்டம். ஏதாவது ஆனால் பொறுப்பு யாருடையது என்று தெரிய வேண்டுமே. மூடியவர் பெயர் மட்டும் எந்த டிரம்மிலும் இருக்காது. அடுத்த தடவை துறைமுகச் சாலையில் அந்த நீல டிரம்களைப் பார்த்தால், வளையத்தின் போல்ட் பூட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.